ஆர்செட்டி மசாலாப் பொடிப் பயிற்சி: வேலையை விடுவதற்கு முன் போக வேண்டிய இடம்

சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை இருக்கிறது, ஆனால் கையில் இருக்கும் வேலையை விடலாமா என்று தெரியவில்லை என்பவர்களுக்கு என் சிபாரிசு இது. மெஷின் விலை விசாரிப்பதற்கு முன்னால், கடன் கேட்டு வங்கிக்குப் போவதற்கு முன்னால், உங்கள் மாவட்டத்தில் வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி என்ற இலவசத் தொழிற்பயிற்சி மையத்தில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள். நான் போனது அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி தயாரிக்கும் பயிற்சி. 10 நாள். கட்டணம் கிடையாது. சாப்பாடு அவர்களே போடுகிறார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க இடமும் உண்டு. எனக்குப் பொடி அரைக்க முன்பே தெரியும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, இப்போதே இறங்கலாமா, இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கலாமா என்பதுதான். அதற்கு அங்கே எனக்குத் தெளிவான பதில் கிடைத்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த விமர்சனம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும். டெல்டாவில் ஒரு சின்ன ஊர். ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 14,000 ரூபாய். வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார், அவருடைய வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். எங்கள் அத்தை, அதாவது மாமியார், அரைக்கும் சாம்பார் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் நல்ல பெயர். மாதாமாதம் சொல்லி வைத்து வாங்குவார்கள். "இவ்வளவு நல்லா இருக்கே, நீங்க ஏன் கடைகளுக்குப் போடக் கூடாது?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த எண்ணம் ஊறிவிட்டது.

இதற்கு முன்னால் காசு கட்டி ஒரு நாள் கருத்தரங்கம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஓட்டல் மண்டபம், பெரிய திரை, மைக் பிடித்து ஒருவர். நாள் முழுக்க ஒரே பேச்சு: மாதச் சம்பளம் ஒரு சிறை, பயத்தை விடு, குதி. சாயங்காலம் அடுத்த கட்டப் பயிற்சிக்கு இன்னும் பெரிய தொகை கேட்டார்கள். ஒரு பாக்கெட் பொடிக்கு எவ்வளவு செலவாகும், யாரிடம் விற்பது, பணம் எப்போது திரும்பும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்த்த வரிசையில் ஒரு பையன் வேலையை விடப் போவதாக எழுந்து நின்று சொன்னான், எல்லோரும் கை தட்டினார்கள். வாடகையும் கடன் தவணையும் இருக்கிற வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கைதட்டல் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆர்செட்டி என்றால் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உஜிரே என்ற ஊரில் 1982-இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ருட்செட்டி என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு அது. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்குக் குறுகிய காலத்தில் ஒரு தொழிலும் அதை நடத்தும் விவரமும் சொல்லிக் கொடுப்பது நோக்கம். அது நன்றாக நடந்ததைப் பார்த்து மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது. நடத்துவது வங்கிகள், பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி, அதாவது அந்த மாவட்டத்து வங்கிகளின் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் உள்ள வங்கி. தையல், அழகுக்கலை, செல்போன் பழுது, இருசக்கர வாகனப் பழுது போன்றவை ஒரு மாதம் போல நடக்கும். கறவை மாடு, ஆடு, கோழி, மசாலாப் பொடி எல்லாம் 10 நாள் கணக்கு.

சேருவது சுலபம். நேரில் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக் நகல்கள், போட்டோ. ஆள் சேர்ந்ததும் போன் செய்து கூப்பிட்டார்கள். மகளிர் குழுவில் இருக்கிறவர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கும் முன்னுரிமை. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குழுவிலிருந்து வந்த அக்காமார்கள். ஏற்கெனவே வடகம் போட்டு விற்கிற ஒருவர், கணவர் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த இரண்டு பெண்கள், நான். கடையில் என் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லித்தான் விடுப்பு எடுத்தேன்.

முதலில் பொடி பற்றிப் பேச்சே இல்லை. விளையாட வைத்தார்கள். தரையில் ஒரு கம்பு நட்டு, வளையம் எறிய வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது உங்கள் இஷ்டம். தூரம் கூடக் கூட மதிப்பெண் கூடும். சிலர் கம்புக்குப் பக்கத்திலேயே நின்று போட்டார்கள், விழுந்தது, மதிப்பெண் ஒன்றும் தேறவில்லை. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி வாசற்படி வரை போய் நின்று எறிந்தாள், ஒன்றும் விழவில்லை. வடகம் விற்கிற அக்கா நடுத்தரமான தூரத்தில் நின்றார். முதல் வளையம் தவறியதும் அரை அடி முன்னால் வந்தார். அது விழுந்ததும் திரும்பக் கொஞ்சம் பின்னால் போனார். பயிற்றுநர் எல்லோரையும் விட்டுவிட்டு அவரைத்தான் கவனிக்கச் சொன்னார். எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தைத் தானே பார்த்து வைக்கிறவர், தவறினால் தூரத்தைத் திருத்துகிறவர், தொழிலில் நிற்பார் என்றார்.

வெறும் பொழுதுபோக்கு விளையாட்டு இல்லை இது. டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் சாதிக்கும் உந்துதலைப் பற்றி ஆராய்ச்சி செய்தபோது பயன்படுத்தியது. அவர் 1964-இல் ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஆந்திராவின் காக்கிநாடா ஊர் வியாபாரிகளுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார். தொழில் நடத்தும் மனப்பாங்கைப் பழக்கத்தால் வளர்க்க முடியும் என்பது அவருடைய முடிவு. நம் நாட்டுத் தொழில்முனைவோர் பயிற்சிகளில் இந்த வளையம் எறிதல் இன்றுவரை இருப்பதற்கு அந்த வழி வந்த பழக்கம்தான் காரணம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது காகிதப் படகு. குழு குழுவாகப் பிரித்து, இத்தனை நிமிடத்தில் எத்தனை படகு செய்து தருவீர்கள் என்று முதலில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். காகிதத்தை அவர்களிடமே விலைக்கு வாங்க வேண்டும். செய்து முடித்ததும் அவர்களே வாங்குபவராக வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். முனை கோணல், மடிப்பு சரியில்லை, இது வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே வருவார்கள். ஒதுக்கப்பட்ட படகின் காகிதச் செலவு நம் தலையில். அதிகமாகச் செய்வதாக எழுதிக் கொடுத்த குழுதான் அதிகம் இழந்தது. எங்கள் குழுவில் ஓர் அக்கா வெளிப்படையாகவே கோபப்பட்டார். "நல்லாத்தானே இருக்கு, இதுக்கு என்ன குறை?" பயிற்றுநர் அமைதியாக, "உங்களுக்கு நல்லா இருக்கும்மா. காசு குடுக்கிறது நான்தானே?" என்றார். தன் பொருளை ஒருவர் குறை சொல்லும்போது நமக்கு என்ன ஆகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளலாம். பணம் எதுவும் போடாமல் தெரிந்துகொள்ள முடிவது பெரிய விஷயம்.

அடுத்து தயாரிப்பு. இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு அரைப்பதும் விற்க அரைப்பதும் ஒன்றில்லை. அத்தை மல்லியைக் கைப்பிடியால் அளப்பார், வாசனையை வைத்து வறுப்பை நிறுத்துவார். அங்கே எல்லாம் கிராம் கணக்கு. தராசு இல்லாமல் எதையும் தொட விடவில்லை. மல்லி, மிளகாய், துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து, காயவைத்து அல்லது வறுத்து, முன்னும் பின்னும் நிறுத்துக் குறித்தோம். கல், காம்பு, ஈரம் போக எவ்வளவு எடை குறைகிறது என்பது அப்போது தெரியும். வெந்தயம் கொஞ்சம் கருகினாலும் மொத்தமும் கசக்கும். வறுத்த சாமானைச் சூடு ஆறாமல் மெஷினில் போடக் கூடாது. அரைத்து வந்த பொடியும் சூடாகத்தான் இருக்கும், அதை அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டுச் சலித்த பிறகுதான் பாக்கெட்டில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து, கட்டி பிடித்து, பூஞ்சை வரும். பக்கத்து மில்லில் கொடுத்து அரைப்பதானால் நமக்கு முன்னால் அதில் என்ன அரைத்தார்கள் என்று கேட்க வேண்டும். மிளகாய் ஓடிய மெஷினில் பருப்புப் பொடி அரைத்தால் நம் பாக்கெட்டில் காரம் ஏறிவிடும்.

ஒரே அளவில் இரண்டு தரம் செய்து ருசி பார்க்கச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரி வரவில்லை. வறுப்பு மாறியிருந்தது. முதல் பாக்கெட் பிடித்து வாங்கியவர் இரண்டாவது பாக்கெட்டும் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார். ஊர் மெச்சும் கைப்பக்குவம் இருக்கிறது என்பதால் மட்டும் தயாராகிவிட முடியாது, அத்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் நான் அரைத்தாலும் அதே ருசி வர வேண்டும். பயிற்சி முடிந்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, அத்தையை உட்கார வைத்து அவர் கைப்பிடி ஒவ்வொன்றையும் தராசில் போட்டு எழுதியதுதான். "இதுக்கெல்லாம் கணக்கா?" என்றார். பிறகு அவரே ஆர்வமாகி, பெருங்காயத்தைப் பொரிக்கும் நேரம் வரை சொன்னார்.

சட்ட விவரங்களை ஒரு பிற்பகலில் முடித்துவிட்டார்கள், அது போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. சிறு தயாரிப்பாளர்களுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, புகாருக்கான எண் எல்லாம் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கு அரசு தரும் உதயம் பதிவு முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கிற இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, அரசுத் தளத்தில் நாமே ஆதாரை வைத்துப் பதிந்துகொள்ளலாம்.

இப்போது சொல்லப் போவதுதான் நான் இந்தப் பயிற்சியை இவ்வளவு தூரம் சிபாரிசு செய்யக் காரணம். நடுவில் ஒரு நாள் சந்தை ஆய்வு என்று வெளியே அனுப்பினார்கள். கையில் ஒரு தாள், அதில் கேள்விகள். மளிகைக் கடைகள், ஓட்டல்கள், காய்கறிக் கடைகள் என்று ஏறி இறங்கிக் கேட்டு வர வேண்டும். விற்கப் போகக் கூடாது, கேட்க மட்டும்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அது நல்ல யோசனை. விற்கப் போனால் கடைக்காரர் தப்பிக்கப் பார்ப்பார், கேட்கப் போனால் மனம் விட்டுப் பேசுகிறார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை. வயதானவர். என் பொடியை முகர்ந்து பார்த்தார். "பொடி நல்லா இருக்கும்மா. ஆனா கம்பெனி ஆளு வாராவாரம் லைனுக்கு வந்து நின்னு எடுத்துக் குடுக்கிறான். விக்காததை மாத்திக் குடுக்கிறான். நீ வருவியா?" என்றார். பணம் எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். "பில்லுக்கு பில்" என்றார். அதாவது இன்றைக்கு நான் போடும் சரக்குக்கு, அடுத்த சரக்கைக் கொண்டுபோய் இறக்கும்போதுதான் பணம். இது ஒரு கடையின் வழக்கம் இல்லை, கேட்ட பெரும்பாலான கடைகளில் இதுதான். இன்னொரு கடையில் மூலையில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய உள்ளூர்ப் பொடி பாக்கெட்டுகள் கிடந்தன. தேதி முடிந்தவை. போட்டவர் திரும்பி வரவே இல்லையாம். யாரோ ஒரு பெண் கடன் வாங்கி, வறுத்து, அரைத்து, லேபிள் ஒட்டிக் கொண்டுவந்த சரக்கு அது. அதைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது.

ஓட்டல்களில் வேறு கதை. அவர்களுக்கு லேபிளும் பாக்கெட்டும் முக்கியமில்லை, கிலோ விலைதான் முக்கியம். மாதக் கடைசியில் தருகிறோம் என்பார்கள். நேரடியாகக் கையில் காசு கொடுத்து வாங்குவதாகச் சொன்னவர்கள் ஒரே வகையினர்தான்: வீடுகள். அதிலும் வேலைக்குப் போகும் பெண்கள்.

மறுநாள் அந்தத் தாள்களை வைத்துக் கணக்குப் போட வைத்தார்கள். நான் கணக்கு எழுதுகிறவள், இதில் எனக்குப் பயமில்லை. என் கணக்கை அப்படியே தருகிறேன், விலைகள் அன்றைக்கு எங்கள் ஊரில் இருந்தவை. ஒரு கிலோ சாம்பார் பொடிக்குச் சாமான், எடைக் குறைவையும் சேர்த்து, 290 ரூபாய். அரவைக் கூலி 25. பத்து 100 கிராம் பாக்கெட்டுக்குக் கவரும் லேபிளும் 30. எரிவாயுவும் வண்டிச் செலவும் 30. மொத்தம் 375. ஆக, ஒரு பாக்கெட் அடக்க விலை 37 ரூபாய் 50 காசு. பாக்கெட்டை 60 ரூபாய்க்கு வைத்தால், கடைக்காரர் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார், எனக்கு 48 வரும். மிச்சம் 10 ரூபாய் 50 காசு. என் சம்பளமான 14,000 ரூபாயைப் பொடியில் எடுக்க மாதம் 1,300 பாக்கெட்டுக்கு மேல் விற்க வேண்டும். அதுவும் ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வராமல்.

சரி, விற்றுவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். 40 கடை, கடைக்கு 30 பாக்கெட் என்றால் 1,200 பாக்கெட். அதில் என் பணம் 45,000 ரூபாய் கடைகளில் நிற்கிறது. பில்லுக்கு பில் என்பதால் அந்தப் பணம் வர, இரண்டாவது தடவை 45,000 ரூபாய்க்குச் சரக்கு தயாராகிக் கையில் இருக்க வேண்டும். முதல் வசூல் வரும் நேரத்தில் 90,000 ரூபாய் வெளியே போட்டிருப்பேன். அந்த இடைவெளியில் சம்பளமும் கிடையாது. பள்ளிக் கட்டணம், வாடகை, வண்டித் தவணை ஒன்றும் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் எங்கள் வகுப்பில் குழு அக்காமார்கள்தான் சொன்னார்கள். மிளகாயும் மல்லியும் புது வரத்து மாசி, பங்குனியில் வரும்போது வாங்கிச் சித்திரை வெயிலில் காயவைத்தால்தான் விலையும் தரமும் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வெயிலே இருக்காது, சாமான் விலையும் ஏறியிருக்கும். அப்படியானால் வருடத்துக்கான சாமான் வாங்கும் பணம் பங்குனியிலேயே கையில் இருக்க வேண்டும். இது பயிற்சிக் கையேட்டில் இல்லாத விஷயம். வகுப்பில் கூட இருப்பவர்கள் யார் என்பது இந்தப் பயிற்சியில் பாதி என்று நான் நினைப்பது இதனால்தான்.

தயாராக இருப்பது என்றால் துணிச்சல் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு தொகையாகவும் சில மாதங்களாகவும் தெரிய ஆரம்பித்தது. கடைகளில் நிற்கும் பணம் திரும்பி வரும்வரை, வீட்டில் அடுப்பு எரிய எவ்வளவு வேண்டும், அது இருக்கிறதா. அந்தக் கேள்விக்கு என் பதில், இல்லை. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. யாரும் வற்புறுத்தாமல், என் கையாலேயே கூட்டிக் கழித்து அந்தப் பதிலுக்கு வந்தேன் என்பதில் எனக்கு நிறைவுதான்.

கடைசி நாட்களில் வங்கி மேலாளர் ஒருவர் வந்து கடன் பற்றிப் பேசினார். மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். நாம் போட வேண்டிய பங்கு 5 சதவீதம். ஆனால் அந்த மானியத் தொகை நம் கையில் வருவதில்லை. நம் பெயரில் வங்கியில் 3 ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது, அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி போடமாட்டார்கள். 3 ஆண்டு தொழில் நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். 5 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் கிராமத்தில் 1,75,000 மானியம், ஆனால் முதல் நாள் என் பெயரில் எழுதப்படும் கடன் 4,75,000. மானியம் வந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று வந்திருந்த இரண்டு பேர் அன்றைக்கு நிறையக் கேள்வி கேட்டார்கள். மேலாளர் பொறுமையாகப் பதில் சொன்னார். சிறுதொழில்களுக்கான முத்ரா கடனில் சிசு என்ற முதல் பிரிவு 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல் கிடைக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களில் பலருக்கு அது போதும்.

குறைகள் என்று எனக்குப் பட்டவை. 10 நாளில் தொழிலையும் அதை நடத்தும் விவரத்தையும் சேர்த்து அடைப்பதால் இரண்டிலும் அவசரம் தெரிகிறது. அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் செலவழித்த நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து, கடைகளிலிருந்து பணம் வசூலிப்பது எப்படி, தேதி முடியும் சரக்கை எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தந்திருக்கலாம். சிறு தொழில்கள் பணம் திரும்பி வராமல்தான் மூச்சுத் திணறுகின்றன, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். திட்ட அறிக்கை எழுதும் வகுப்பில் மெஷின், கட்டடம், கடன் என்று பெரிய தொகையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். கடனே வாங்காமல் அடுப்படியில் ஆரம்பிப்பதற்கும் ஒரு மாதிரி அறிக்கை கொடுத்தால் நன்றாக இருக்கும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு வசதி ஒன்றும் இல்லை. நன்றாகப் படம் பிடித்து இணையத்தில் விற்பது பற்றி ஒரு மணி நேரம்தான் பேசினார்கள், இளம் பெண்களுக்கு அது போதவே இல்லை.

பாராட்ட வேண்டியது, பயிற்சி முடிந்ததும் கைகழுவி விடுவதில்லை. 2 ஆண்டு வரை தொடர்பில் இருந்து, தொடங்கினீர்களா, எங்கே நிற்கிறது என்று கேட்கிறார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் எங்கள் வகுப்பு முழுக்க இருக்கிறது. வடகம் விற்கிற அக்கா தன் பெயரில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிவிட்டார், எண்ணைக் குழுவில் போட்டபோது எல்லோரும் வாழ்த்தினோம். வளையம் எறியும்போது அவர் நின்ற இடம் எனக்கு நினைவிருக்கிறது.

நான் வேலையில்தான் இருக்கிறேன். சாம்பார் பொடியையும் பருப்புப் பொடியையும் மட்டும் பதிவு வாங்கி, வீடுகளுக்கு, கையில் காசு வாங்கிக்கொண்டு தருகிறேன். கடைக்குப் போடவில்லை. 20 சதவீதக் கழிவு இல்லாததால் பாக்கெட்டை 55 ரூபாய்க்குத் தர முடிகிறது, எனக்கும் 17 ரூபாய் 50 காசு நிற்கிறது. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுகிறேன். வீட்டுச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை என்று வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பங்குனியில் சாமான் வாங்கும் தொகையும், ஆறு மாத வீட்டுச் செலவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டால் வேலையை விடுவது பற்றி முதலாளியிடம் பேசுவேன். அதுவரை இப்படித்தான்.

யார் போகலாம் என்று கேட்டால், ஒரு பொருளோ கைவேலையோ ஏற்கெனவே தெரிந்து, அதை விற்றுப் பிழைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கட்டாயம் போகலாம். அவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம். ஒன்றுமே தெரியாமல் புதிதாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் 10 நாள் பயிற்சியைவிட ஒரு மாதப் பயிற்சி இருக்கும் தொழிலைத் தேர்ந்தெடுங்கள். சான்றிதழுக்காக மட்டும் போவதாக இருந்தால் அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுவிடுங்கள், ஒரு வகுப்பில் 30 பேருக்குச் சுற்றித்தான் எடுக்கிறார்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும். உயர்ந்தபட்ச வயது வரம்பும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் மாவட்ட முன்னோடி வங்கியில் விசாரித்தால் மையத்தின் முகவரி கிடைக்கும். போகும்போது உங்கள் பொருளில் கொஞ்சம் பாக்கெட் போட்டுக் கொண்டுபோங்கள், சந்தை ஆய்வு அன்றைக்குக் கையில் மாதிரி இருந்தால் கடைக்காரர்கள் இன்னும் விவரமாகப் பேசுவார்கள். வீட்டில் ஒரு மாதம் என்ன செலவாகிறது என்பதையும் போவதற்கு முன்பே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் வகுப்பில் அந்தத் தாள் இல்லாதவர்கள் உத்தேசமாக ஒரு தொகையைப் போட்டுவிட்டு, எல்லாம் சரியாக வருகிறது என்று எழுந்து போனார்கள்.